கம்பி வராத யானை வேலி

மொழிபெயர்ப்பாளன் என்பவன் இரண்டு பக்கத்து ஏச்சையும் ஒரே வாயால் விழுங்கப் பழகிய ஆள். கல்முனையில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் கொடுப்பது என் நிரந்தரத் தொழில். அம்பாறைக் கரைப்பக்கம் வெளிநாட்டுத் தூதுக்குழு எதுவும் வந்தால், கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு அதன் பின்னால் ஓடுவது உபதொழில். கல்யாணப் பேச்சில் நடுவில் நின்று இரண்டு வீட்டாரிடமும் கெட்ட பெயர் வாங்கியவர்கள் யாராவது இதை வாசித்தால், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். என் வருத்தம் உங்களுக்குத்தான் விளங்கும்.

நம் நாட்டின் வெளிநாட்டுக் கொள்கை பற்றி எனக்குத் தெரிந்தது முழுவதும் ஒரு யானை வேலியிலிருந்து கற்றது. வயல்வெளியை எங்கள் பக்கத்தில் வட்டை என்போம். இறக்காமத்தில் காட்டோரமாக அப்படி ஒரு வட்டை. அதன் தண்ணீரையும் காவலையும் பொறுப்பாகப் பார்க்கும் வட்டவிதானை, ஆதம்பாவா காக்கா; எங்களுக்குக் காக்கா என்றால் அண்ணன். அவருடைய சொந்த வயல் கண்டம் காட்டுக்கு ஆகக் கிட்ட. கதிர் பழுத்தால் யானை முதலில் கால் வைப்பது அதற்குள்தான். அவருக்கு வேண்டியது ஒரு மின்சார வேலி. அதைத் தவிர உலகத்திடம் அவர் வேறெதுவும் கேட்டதில்லை.

முதல் தூண்

அப்போதிருந்த ஜனாதிபதி ஒரு பெரிய நாட்டோடு ஒட்டி உறவாடினார். துறைமுகம், ரோடு, மண்டபம் எல்லாம் அவர்கள் கையால்தான். அந்த உறவில் இறக்காமத்துக்கும் ஒரு பங்கு கிடைத்தது. சீமெந்துத் தூண்கள் வந்து இறங்கின, வரிசையாக நட்டார்கள். கம்பி அடுத்த கப்பலில் என்றார்கள். கப்பலுக்கு முன்னால் தேர்தல் வந்துவிட்டது. ஜனாதிபதி தோற்றார். புதியவர், பழையவர் போட்ட ஒப்பந்தங்களை எல்லாம் மீளாய்வு செய்யப்போவதாக அறிவித்தார்.

ஊருக்குத் திரும்பவிருந்த அந்த நாட்டுப் பொறியியலாளர் வட்டைக்கு விடைபெற வந்தார். விதானையார் அவரைப் பார்த்துச் சொன்னார்: "தூண நட்டுட்டுக் கம்பியக் கட்டாமப் போறது, நிக்காஹ் எழுதிட்டு மாப்பிள்ளய அனுப்பாம வெச்சிருக்கிற மாதிரி. இது மனிசர்ர வேலையா எண்டு கேளுங்க." நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்கள் நட்பை எங்கள் விவசாயிகள் என்றும் மறக்க மாட்டார்கள்" என்று மொழிபெயர்த்தேன். அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. பாய்ந்து வந்து விதானையாரை இறுக்கி அணைத்துக்கொண்டார். அந்தப் பிடிக்குள் இருந்தபடியே விதானையார் என்னைக் கேட்டார்: "நான் ஏசினதுக்கு இவன் ஏன் தம்பி கட்டிப்புடிக்கிறான்?"

இரண்டாம் தூண்

புதிய ஜனாதிபதி முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். முதல் நாட்டோடு முறைத்துக்கொண்டிருந்த இன்னொரு பெரிய நாடு நமக்கு நண்பனானது. அதன் அதிகாரி ஒருவர் இறக்காமத்துக்கு வந்தார். தூண்தான் ஏற்கெனவே நிற்கிறதே, கம்பி மட்டும்தானே என்று நானே விதானையாருக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்து வைத்திருந்தேன். இந்த மாதிரி வாக்கைக் கொடுக்க ஒரு மொழிபெயர்ப்பாளனுக்கு யார் அதிகாரம் தந்தது என்று கேட்காதீர்கள். கழுத்துப்பட்டி கட்டினால் எனக்கு அப்படி ஒரு குணம் வந்துவிடும்.

அதிகாரி குனிந்து தூணின் அடியில் பதித்திருந்த முத்திரையைப் பார்த்தார். அடுத்தவர் தூணில் தங்கள் கம்பியைக் கட்டச் சட்டம் இடம் தராது என்றார். பக்கத்திலேயே இன்னொரு வரிசையாகத் தங்கள் இரும்புத் தூண்களை நட்டார்கள். கம்பி அடுத்த கட்டத்தில். அந்தக் கட்டம் வருவதற்குள் மீண்டும் ஜனாதிபதி மாறினார். இவர் முந்தியவர் செய்ததெல்லாம் நாட்டை விற்ற வேலை என்று சொல்லி, அந்த ஒப்பந்தத்தையும் நிறுத்தினார். இப்போது இரண்டு வரிசைத் தூண்கள், நடுவில் ஒரு நல்ல பாதை. யானைகள் ஆறுதலாக அதில் வந்து, இரண்டு நாட்டுத் தூணிலும் முதுகைத் தேய்த்துவிட்டு வயலுக்குள் இறங்கின. பார்வையிட வந்த கொழும்பு அதிகாரிகளிடம், "வனவிலங்குகள் இந்த உட்கட்டமைப்பை ஏற்றுக்கொண்டுள்ளன" என்று இங்கிலீஷில் எடுத்துச் சொன்னேன். திரும்பி வரும்போது வேன் சாரதி நவாஸ் சொன்னான்: "சேர், நாட்டுல அணிசேராக் கொள்கைய ஒழுங்காக் கடைப்பிடிக்கிறது யானை மட்டுந்தான்."

ஒரே சஹன்

பிறகு நாடு கடனைக் கட்ட முடியாமல் வங்குரோத்தானது. பெற்றோல் இல்லாமல் நான் கழுத்துப்பட்டியோடு சைக்கிளில் போய் மொழிபெயர்த்த காலம் அது. அப்போது வந்த ஜனாதிபதிக்கு முன்னவர்கள் வாங்கிய கடனும், அவர்கள் சம்பாதித்து வைத்த கோபமும் சேர்ந்தே கிடைத்தன. நண்பனைத் தெரிவு செய்யும் வசதி அவருக்கு இல்லை. எல்லோரையும் கூப்பிட வேண்டியிருந்தது. அப்படித்தான் அந்த இரண்டு நாட்டுப் பிரதிநிதிகளும் ஒரே நாளில் இறக்காமத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

பகல் சாப்பாடு விதானையார் வீட்டில். அழைப்பில் 'பாரம்பரிய விருந்து' என்று அழகாக எழுதியவன் நான்தான். எங்கள் பாரம்பரியத்தில் சஹன் என்பது ஒரு பெரிய தட்டு, அதைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே சாப்பிடுவது என்பதை எழுத மறந்துவிட்டேன். இரண்டு பேரும் ஒரே சஹனில் எதிரெதிரே மாட்டிக்கொண்டார்கள். ஆளுக்கொரு பக்கம் தோண்டித் தோண்டிச் சாப்பிட, நடுவில் வயல் வரம்பு மாதிரிச் சோறு எழும்பி நின்றது. வரம்பின் மேல் இறைச்சி. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், தொடவில்லை. விதானையார் பிஸ்மி சொல்லி, தன் கையால் இறைச்சியைப் பிய்த்து இரண்டு பக்கமும் தள்ளினார். வரம்பு சரிந்தது. அவர்களும் தின்றார்கள்.

"ஒரு சஹன்ல சோறு திண்டவங்க ஒரு வேலிக்குக் கம்பி கட்ட ஏலாதா எண்டு கேளுங்க தம்பி" என்றார் அவர். மேசையில் வராத துணிச்சல் பாயிலும் எனக்கு வரவில்லை. "சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று கேட்கிறார்" என்றேன். இரண்டு நாடும் ஒரே நேரத்தில் தலையாட்டின. விதானையார் "அல்ஹம்துலில்லாஹ்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கார்கள் போனதும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். வெறும் சஹனைக் கையில் தூக்கியபடி அவர் கேட்டார்: "அப்ப ரெண்டு நாடும் தலையாட்டினது என்ட மாட்டிறைச்சிக்கா?"

இங்கே யார் கதைத்தது?

இப்போதைய கொள்கை, எல்லோரும் நண்பர்கள், எவர் பக்கமும் சாய்வதில்லை. நல்ல கொள்கைதான். ஆனால் எந்தத் தூண் எந்த ஜனாதிபதியின் எந்த ஒப்பந்தத்தில் வந்தது என்று தீர்க்காமல் கம்பி கட்ட முடியாதாம். அதைத் தீர்க்க ஒரு குழு வட்டைக்கு வந்தது. அதற்கு முந்திய வாரம் யானை அந்த நடுப்பாதையால் வந்து விதானையாரின் வேளாண்மையை முடித்துவிட்டது. விரட்டப் போனவர் வாய்க்காலுக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டு கல்முனை ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"பயனாளிகள் என்ன சொல்கிறார்கள்?" என்று குழுவின் தலைவி கேட்டார். மிதிபட்ட கதிரைத் தவிர அங்கே பயனாளி இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மொழிபெயர்க்க ஒரு சொல்லும் கிடைக்காமல் முதல் தடவையாக வாயைத் திறந்தேன். நிக்காஹ், மாப்பிள்ளை, சஹன், முறிந்த கால் எல்லாவற்றையும் அவர் சொன்னபடியே, சீனி போடாமல், நல்ல இங்கிலீஷில் சொல்லி முடித்தேன். தலைவி மிதிபட்ட கதிர் ஒன்றைக் குனிந்து எடுத்தார். கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்டச் செயலகத்திலிருந்து, வந்த அதிகாரி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்: "மாஸ்டர், ஒங்கள மொழிபெயர்க்கத்தானே கூப்பிட்ட? இங்க ஆரு கதச்ச?"

ஆஸ்பத்திரி

அன்று பின்னேரமே போய் விதானையாரிடம் நடந்ததைச் சொன்னேன். வீரச் செயல் செய்தவன் மாதிரி கட்டிலோரத்தில் நின்றேன். அவர் பிளாஸ்டர் போட்ட காலை மெதுவாக நகர்த்தி, நான் உட்கார இடம் விட்டார். பிறகு சொன்னார்: "இத அந்த மொத இஞ்சினியர்ட்டயே செல்லிருந்தா, அவன் என்னக் கட்டிப்புடிச்சிருக்க மாட்டான் தம்பி, வெக்கத்துக்காவது கம்பியக் கட்டிருப்பான்."

ஜனாதிபதிமார் செய்துவிட்டுப் போனதை நாடு சுமக்கிறது, நான் சொல்லாமல் விழுங்கியதை விதானையார் முறிந்த காலில் சுமக்கிறார், கம்பியைச் சுமந்துவரும் கப்பல் மட்டும் இன்னும் எந்த நாட்டிலிருந்தும் புறப்படவில்லை.