தெற்கே விழுந்த நிழல்

மார்கழி வெயிலிலும் மண் தரை சுடும். செருப்பில்லாமல் பள்ளி மைதானத்தில் ஒரு மணி நேரம் நின்றவளுக்குத்தான் அது தெரியும்.

ஐம்பதுகளின் கடைசியில், திருச்சியில் நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது, அரையாண்டுப் பரீட்சைத் தாளைத் திருப்பித் தந்த பூகோள டீச்சர் என் பதிலை வகுப்புக்கே உரக்கப் படித்துக் காட்டினார். நடுப்பகலில் சூரியன் எங்கே இருக்கும் என்பது கேள்வி. 'நேர் உச்சியில்' என்பது அவர் எழுதிப்போட்ட விடை. நானோ, நம் ஊரில் வருஷத்தில் இரண்டு நாள்தான் அது நேர் உச்சிக்கு வரும், சித்திரை தொடங்கி ஆடி முடிய உச்சிக்கு வடக்கேயும் மற்ற மாதங்களில் தெற்கேயும் சாய்ந்துதான் கடக்கும் என்று எழுதியிருந்தேன்.

"யாருடி சொன்னா இதை?"

"எங்க அத்தா, டீச்சர்."

அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம்; பாலக்கரையில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர். பட்டறை வாசலில் நட்ட குச்சியின் நிழல் குறுகிக் குறுகி மறுபடி நீளத் தொடங்கியதும், "நேரம் சாஞ்சிருச்சு" என்று பகல் தொழுகைக்குக் கிளம்புவார். அந்தக் குட்டை நிழல் சில மாதம் வடக்கிலும் சில மாதம் தெற்கிலும் விழுவதை நான் வருஷா வருஷம் பார்த்திருந்தேன்.

"ஈயம் பூசுறவரு பூகோளம் நடத்துறாரா? உங்க பாலக்கரைக்குத் தனிச் சூரியனா?" என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது. "போய் வெயில்ல நில்லு. உச்சந்தலையில சுடுதான்னு பாத்துட்டு வா."

நின்றேன். என் நிழல் பாதி உயரத்துக்கும் மேலாக வடக்கே நீண்டு கிடந்தது. அவர் ஒரு தடவைகூட ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கவில்லை. என்னை நிறுத்தியதைப் பொறுத்துக்கொண்டிருப்பேன்; அத்தாவைச் சொன்னதைப் பொறுக்க முடியவில்லை. வீட்டில் சொன்னால் "விட்டுடும்மா" என்பார் என்பதால் சொல்லவில்லை. சிவப்பு மையில் சுழியமும் "அதிகப்பிரசங்கி" என்ற சொல்லும் போட்டிருந்த அந்தத் தாளை மடித்துப் பத்திரப்படுத்தினேன். ஒன்பதாம் வகுப்புக்கும் அவரே வரவேண்டும் என்று கோடை விடுமுறை முழுக்க வேண்டிக்கொண்டேன். வந்தார்.

ஆனி மாதம் "இன்ஸ்பெக்‌ஷன்" நடந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருக்க, டீச்சர் அதே கேள்வியைக் கேட்டார். "நேர் உச்சியில்!" என்று எல்லோரும் கத்தி ஓய்ந்ததும் எழுந்தேன்.

"இல்லைங்க. இப்ப உச்சிக்கு வடக்கே இருக்கு. வெளிய வந்து பாருங்க."

மணி பன்னிரண்டே கால். கொடிக்கம்பத்தின் நிழல் தெற்கே விழுந்திருந்தது. எல்லோரும் நிழலைப் பார்த்தார்கள். நான் டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். பிறகு அந்தத் தாளை இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் நீட்டினேன்.

"இது உங்க எழுத்தா?" என்று அவர் கேட்டபோது டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆறு மாதம் காத்திருந்து ருசித்த அந்த நிமிஷத்துக்காக நான் வெட்கப்பட்டதில்லை.

அடுத்த வாரமே டீச்சரிடமிருந்து பெரிய வகுப்புகளைப் பறித்து, அவரை ஐந்தாம் வகுப்புக்குத் தையல் சொல்லித்தரப் போட்டார்கள். ஒருநாள் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தி, "மனசு குளிர்ந்துதாடி?" என்றார்.

"எங்க அத்தாவைச் சொன்னதுக்கு நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலையே, டீச்சர்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தையல் வகுப்புக்குள் போய்விட்டார்.

அந்த மைதானம் இப்போது இல்லை; மூன்று மாடிக் கட்டடம் எழுந்து வானத்தையே அடைத்துவிட்டது. டீச்சரும் இல்லை, அத்தாவும் இல்லை. போன வருஷம் தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் காத்திருந்தபோது, பேச்சுவாக்கில் என் பள்ளியையும் பாலக்கரையையும் கேட்டறிந்த பக்கத்துப் பெண்மணி, தாம் அந்த டீச்சரின் மகள் என்றார். "அம்மா கடைசி வரைக்கும் உங்களைப் பத்திப் பேசுவாங்க. மன்னிச்சிருப்பாளான்னு கேப்பாங்க."

"பாலக்கரை ஒண்ணும் தூரமில்லையே. வந்து கேட்டிருக்கலாம்" என்றேன். டாக்டர் அறையிலிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து உள்ளே போனேன்.