ஆனி மாத நிழல்

யுத்த காலத்தில் கொழும்பில் கரண்ட் அடிக்கடி நின்றது. வசதியுள்ள சிலர் கூரையில் சோலார் தகடு வைத்து, பற்றரியில் கரண்டைச் சேமித்துக்கொண்டார்கள். அதைக் கூரையில் பொருத்திப் பூட்டிக் கொடுக்கும் ஒரு சிறிய கடையில், வெள்ளவத்தையில், நான் வேலை செய்தேன். எத்தனை தகடு, கூரையில் எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்து என்று அளந்து படம் கீறுவது என் பொறுப்பு. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய வேலை. ஆட்களோடு அதிகம் கதைக்கத் தேவையில்லை என்பதற்காகவே எனக்கு அது பிடித்தது.

கொட்டாஞ்சேனை வீட்டுக்கு நான் முதலில் போனது ஒரு தை மாதம். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஐயாவும் அவருடைய மனைவியும் மட்டும் அங்கே இருந்தார்கள். ஐயாவுக்குத் தொய்வு. மூச்சு முட்டினால் மருந்துப் புகை பிடிக்கும் மெசினைப் போட வேண்டும். கரண்ட் நின்றால் மெசினும் நிற்கும். அதற்காகத்தான் தகடு.

நிழலைச் சரியாகப் பார்ப்பதென்றால் காலையிலிருந்து மாலைவரை கூரையில் இருந்து, மணிக்கு மணி வெண்கட்டியால் கோடு போட வேண்டும். அந்த வீட்டுத் தட்டைக் கூரைச் சிலாப்பில் ஏறினால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும். நான் அளவு நாடாவை விரித்த சிறிது நேரத்தில் எதிர்வீட்டு யன்னல் திறந்தது. பிறகு இரண்டு பொலிஸ்காரர் படியேறி வந்தார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். கையில் கூரைப் படம். அந்த வீட்டு அம்மா மேலே ஓடி வந்து சிங்களத்தில் கதைத்துத்தான் விட்டார்கள், உடனே இறங்கச் சொல்லி.

அந்த வருடங்களில் நாங்கள் எல்லாக் கூரைக்கும் வேறு வழி ஒன்று வைத்திருந்தோம். வீட்டுப் பெண்களிடம் எங்கே மிளகாய் காயப் போடுகிறார்கள், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்போம். அதுவே எங்கள் நிழல் கணக்கு.

"வடக்குச் சுவரோரம் எப்பிடியம்மா?"

"நாலு மணி வரைக்கும் நல்ல வெயில் தம்பி. நேற்றும் கருவாடு போட்டனான். தெற்குப் பக்கம் எனக்கு உடுப்புக் கொடி வேணும், அதைத் தொடாதீங்க."

வடக்கில் பக்கத்து மாடி வீடு இரண்டு தட்டு உயர்ந்து நின்றது. அதைக் கடையில் சொன்னேன். முதலாளி தகட்டோடு வந்த வெளிநாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். "தெற்கில உயரமா ஒண்டும் இல்லாட்டிச் சரி. வடக்கில என்ன நிண்டாலும் பரவாயில்லை." நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன். புத்தகத்தோடு எப்படி வாதாடுவது? வடக்குச் சுவரோரம் நான்கு தகடு கீறினேன். அப்படியே பூட்டினோம்.

ஆனியில் அம்மா கடைக்கு டெலிபோன் எடுத்தார். பற்றரி நிறைவதே இல்லை. மழைதான் காரணம் என்று இரண்டு கிழமை சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு வானம் வெளித்தது, அப்போதும் நிறையவில்லை. ஒரு தரம் கரண்ட் போனபோது மெசின் பாதியில் நின்று, அம்மா ஐயாவை முச்சக்கர வண்டியில் ஏற்றி, இரண்டு சோதனைச் சாவடி தாண்டி ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்.

"செக் பொயின்ட்ல இறங்கச் சொன்னாங்க தம்பி. அவருக்கு நிக்கவே ஏலாது" என்றார்.

இந்த முறை ஒரு நாள் முழுக்க மேலே இருந்து பார்த்தே ஆக வேண்டும். அனுமதி கேட்கப் பொலிஸ் நிலையத்துக்கு நானே போனேன். வாசலில் நின்று இரண்டு முறை திரும்பி நடந்துவிட்டுத்தான் உள்ளே போனேன். என்ன வேலை என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார்.

"ஹெவனெல்ல பலன்ன, சேர்." நிழல் பார்க்க.

அவர் அதை மற்றவர்களுக்குத் திருப்பிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒரு இளம் கொன்ஸ்டபிளைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். நான் கூரையில் இருக்கும்வரை அவனும் இருப்பான்.

அம்மா அவனுக்கு ஒரு கதிரை கொடுத்தார். அவன் சிலாப்பில் ஏறி ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, கதிரையை நேராக என் தகடுகளுக்குப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தான். நான் வெயிலில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

"அய்யே, தவ கொச்சர வெலா யனவத?" இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டான்.

பின்னேரம் வரை என்றேன். "தெய்யனே!" என்று கடவுளைக் கூப்பிட்டுத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டான்.

பத்து மணிக்கும் அங்கேயே இருந்தான். உச்சி வெயிலில் கதிரையைச் சுவரோடு இன்னும் நெருக்கினான், அவ்வளவுதான். இரண்டு மணிக்கு அம்மா தேத்தண்ணீர் கொண்டு வந்தபோதும் அதே இடம்.

"பாருங்க, இவன் மட்டும் குளிர்ச்சியா இருக்கான். நீங்க அங்க நிண்டு கருகுறீங்க" என்றார் அம்மா.

வெண்கட்டியோடு அப்படியே நின்றேன். சூரியன் வடக்கே போயிருந்தது. எங்கள் ஊர்ச் சூரியன் ஆண்டில் பாதிக்கு மேல் தெற்கே நிற்கும், சில மாதம் வடக்கேயும் போகும். அந்தப் புத்தகம் எழுதியவர்களின் நாட்டில் அது வடக்கே போவதே இல்லையாம், பிறகு அறிந்தேன். தையில் வெயில் காய்ந்த சுவரோரம் ஆனியில் நாள் முழுக்க நிழல். பொலிஸ்காரன் ஏறின உடனே கண்டுபிடித்த இடத்தில் நான் தகடுகளை வைத்திருந்தேன்.

கீழே வந்து அம்மாவிடம் பிழை என்னுடையது என்று சொன்னேன். யன்னலோரம் சாய்ந்திருந்த ஐயா கேட்டுவிட்டார்.

"முப்பது வருசம் ஹாபர்ல வெயில்ல நிண்டவன் இங்க இருக்கன். என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா? மிளகாயைப் போய்க் கேட்டிருக்கீங்க."

"விடுங்க, இருமல் வரப் போகுது" என்றார் அம்மா. உடுப்புக் கொடியை அவரே அவிழ்த்தார்.

அடுத்த கிழமை அதே கொன்ஸ்டபிளின் காவலில் தகடுகளைத் தெற்குப் பக்கம் மாற்றினோம். நான்காம் நாள் பற்றரி நிறைந்ததா என்று பார்க்கப் போனபோது கரண்ட் நின்றது. ஐயா மூக்குமூடியை வைத்துக்கொண்டு மெசினைப் போட்டார். நான் படியில் உட்கார்ந்து அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருமுறை தணிவது போல இருந்தது. எழுந்துவிட்டேன். தணியவில்லை. மருந்து முடியும்வரை ஓடியது.

அம்மா தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். இருட்டுவதற்குள் வெள்ளவத்தை போக வேண்டும் என்றேன். பஸ்ஸில் கூரைப் படங்கள் கீறின கொப்பியைத் திறந்தேன். வடக்குச் சுவரோரம் தகடு கீறின வீடுகள் இன்னும் ஆறு இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பொலிஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் நிழல் பார்க்க வந்தேன் என்று சொல்ல வேண்டும்.