குடிக்காத தண்ணீர்

முப்பத்து நான்கு வருஷம் அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தார். ஒரு கையில் இரும்புக் கொக்கி, மறு கையில் நோட்டு. வாசலோரக் குழியின் மூடியைக் கொக்கியால் தூக்கி, உள்ளே குடியிருக்கும் பூரான், பல்லி, தவளை எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, குனிந்து கண்ணாடியைத் துடைத்து எண்ணைப் படிப்பார். மழைக்காலத்தில் குழி நிரம்பிக் கிடந்தால், மற்றவர்கள் போன தடவை எண்ணோடு உத்தேசமாக எதையாவது கூட்டி எழுதிவிட்டு நடையைக் கட்டுவார்கள். இவர் டப்பாவால் தண்ணீரை இறைத்துக் கொட்டி, கண்ணால் பார்த்த பிறகுதான் எழுதுவார். அலுவலகத்தில் ‘டப்பா’ என்றே பட்டப்பெயர். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

நோட்டில் ஒரு பொய்யும் எழுதாத மனிதர் வீட்டில் அப்படி இல்லை. கண்ணில் புரை எடுத்ததை மகனுக்குச் சொல்லவில்லை. கட்டுப் பிரித்த பிறகு ஃபோனில் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் மனைவி ஒரு வருஷம் முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். பிள்ளைக்கு எதற்குத் தொந்தரவு என்பதுதான் அந்த வீட்டில் அன்பு. அது அன்புதானா, அன்பின் பெயரால் ஒருவரை ஒருவர் தள்ளி நிறுத்துவதா என்று யாரும் யோசிக்கவில்லை.

மகன் மூன்று நாள் நெஞ்சுவலியோடு வேலைக்குப் போனான். “ஒண்ணுமில்லப்பா, வாயு,” என்றான் ஃபோனில். நான்காம் நாள் மத்தியானம் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். நாற்பத்தொரு வயது.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு, மருமகள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “உங்க வீட்ல யாருக்குமே வலிக்குதுன்னு வாயத் திறந்து சொல்லத் தெரியாதா மாமா?”

அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் வலியைக் கேட்டு மாத்திரை எடுத்துக் கொடுப்பவள்.

அதன் பிறகு இரண்டு வருஷம் பேத்திகள் இருவரையும் அவள் எங்கும் அனுப்பவில்லை. கிழவனும் கிழவியும் ஆறு மணி நேரம் பேருந்தில் போய், விருந்தாளிகள் மாதிரி சோபாவின் நுனியில் உட்கார்ந்து பேத்திகளைப் பார்த்துவிட்டு வருவார்கள். இந்த விடுமுறையில்தான் அவள் மனம் இளகியது. பாடப்புத்தகத்தில் ஒரு பாலைவனத் தேசியப் பூங்காவின் படத்தைப் பார்த்துவிட்டு, தாத்தா பாட்டியோடு அங்கே போகணும் என்று பெரிய பேத்தி பிடித்த பிடிவாதமும் ஒரு காரணம்.

“அஞ்சு நாள். தினம் சாயங்காலம் ஃபோன் பண்ணணும். எதுன்னாலும் எங்கிட்ட சொல்லணும். நல்லபடியா போச்சுன்னா, இனிமே ஒவ்வொரு லீவுக்கும் ஒரு வாரம் உங்ககூட விடறேன் மாமா.”

ஒவ்வொரு லீவுக்கும். அந்த வார்த்தையைக் கணவனும் மனைவியும் வழி நெடுக, பேத்திகள் தூங்கும்போதெல்லாம், ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

பூங்கா விடுதியில் நாலு கட்டில் போட்ட அறை. ஜன்னலுக்கு வெளியே செம்மண் நிறப் பாறைகள், அதற்கப்பால் மணல், அதற்கப்பால் வானம் மட்டும். முதல் இரண்டு நாள் பக்கத்திலேயே சுற்றினார்கள். மூன்றாம் நாள், காற்று குடைந்து வைத்த கல்வளைவைப் பார்க்கக் கிளம்பினார்கள். போக மூன்று கிலோமீட்டர். வழியில் எண் போட்ட பன்னிரண்டு கம்பங்கள்.

பாதை தொடங்கும் வாசலில் இருந்த காவலர், “பாதித் தண்ணி தீந்ததும் எங்க இருந்தாலும் திரும்பிடுங்க பெரியவரே. வளைவு எங்கயும் ஓடிடாது, நாளைக்கும் அங்கதான் நிக்கும்,” என்றார்.

“தண்ணிக் கணக்கை இவருக்கா சொல்றீங்க?” என்றாள் மனைவி. “கனவுலகூட குழி மூடியத் தூக்கிட்டுத்தான் இருப்பாரு.”

அவருடைய பையில் இரண்டு லிட்டர் பாட்டில் நாலு. கம்பத்துக்குக் கம்பம் நிறுத்தி எல்லாருக்கும் கொடுத்தார். சின்னவள் ஒரு பல்லியைக் கண்டு குந்தி உட்கார்ந்தாள்.

“தாத்தா, இதுக்கு யாரு தண்ணி குடுப்பா?”

“திருட்டுக் கனெக்ஷன் எடுத்திருக்கும். மீட்டரே வைக்காத பய.”

“பிடிச்சா?”

“வாலக் கழட்டிக் குடுத்துட்டு ஓடிடும். நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!”

எட்டாவது கம்பத்தில் வெயில் உறைக்க ஆரம்பித்தது. அவர் பாட்டில்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஐந்து லிட்டர் மிச்சம். எட்டில் ஐந்து. “பாதி தீரலை. போலாம்,” என்றார்.

ஆயுள் முழுக்க அளந்த மனிதர் அங்கேதான் தவறினார். காலையிலிருந்து அவர் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. நமக்கு வெயில் பழக்கம்தானே, பிள்ளைகளுக்கு இருக்கட்டும் என்று பாட்டிலை உதட்டில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். அதையேதான் அவர் மனைவியும் செய்துகொண்டிருந்தாள். இருவரும் நாற்பத்தைந்து வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள்; ஆனால் ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. பாத்திரத்தில் எவ்வளவு மிச்சம் என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். யார் வாயைக் கட்டியதால் அது மிஞ்சியது என்பதை எந்த அளவும் காட்டாது.

பதினோராவது கம்பத்தருகே, “கொஞ்சம் உக்காரட்டுமா?” என்றாள் மனைவி. உட்கார அனுமதி கேட்கிறவள் அல்ல அவள். அவர் திரும்புவதற்குள் மணலில் சரிந்துவிட்டாள். தோல் காய்ந்து கொதித்தது. பெரியவளின் கையைப் பிடித்து, “தம்பி, குடை எடுத்துட்டியாடா?” என்று மகனிடம் கேட்பது போலக் கேட்டாள். பாட்டிலை வாயில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு, “பிள்ளைங்களுக்கு வைங்க,” என்றாள்.

பெரியவள் மெதுவாகச் சொன்னாள்: “பாட்டி காலையிலேர்ந்து குடிக்கவே இல்ல தாத்தா. வாயில வச்சு வச்சு எடுத்தாங்க.”

“பார்த்துட்டு ஏம்மா சொல்லலை?”

“நீங்களும்தான் குடிக்கலை. ரெண்டு பேரும் சொல்லக் கூடாதுன்னு வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்.”

வளைவு அங்கிருந்தே தெரிந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. அவர் சட்டையைக் கழற்றி நனைத்து மனைவியின் கழுத்தில் போட்டார். பின்னால் வந்த இரண்டு இளைஞர்கள் வாசலுக்கு ஓடினார்கள். காவலர்கள் தூக்குப்படுக்கையோடு வந்தார்கள். முதலுதவி அறையில் குளுக்கோஸ் ஏறிய பிறகு அவளுக்கு நினைவு தெளிந்தது. “இன்னும் அரைமணி போயிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது,” என்றார் டாக்டர், கையைத் துடைத்துக்கொண்டே.

சாயங்காலம் அறையில் மனைவி படுத்திருந்தாள். ஃபோன் பண்ணும் நேரம் வந்தது. பெரியவள் கையை நீட்டினாள்.

“நான் பேசறேன் தாத்தா. வளைவு பார்த்தோம், பாட்டி அசந்து தூங்கறாங்கன்னு சொல்லிடறேன். நீங்க பேசினா குரல் நடுங்கும். எனக்கு நல்லா வரும்.”

அவர் அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு வயது. எனக்கு நல்லா வரும் என்கிறாள். இரண்டு வருஷமாக அவள் அம்மாவிடம் எத்தனை தடவை ஒண்ணுமில்லை என்று சொல்லியிருப்பாள்? சொத்து என்று தம்மிடம் எதுவும் இல்லை என்றுதான் அவர் இதுவரை நினைத்திருந்தார். இருந்திருக்கிறது. மகனுக்குப் போய், மகனிடமிருந்து இவளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சொன்னால் பேத்திகள் போய்விடுவார்கள். சொல்லாவிட்டால் இருப்பார்கள், இப்படியே. வெகுநேரம் யோசித்தார் என்று சொல்ல முடியாது. ஃபோனை வாங்கி, குரல் நடுங்க, எட்டாவது கம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். தாம் குடிக்காததையும் சொன்னார். என்ன மருந்து ஏற்றினார்கள் என்று மட்டும் மருமகள் கேட்டாள்.

“காலையில வர்றேன் மாமா.”

மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். “நான்தான் நல்லா இருக்கேனே. எதுக்குங்க சொன்னீங்க? ஒரு வாரம் கழிச்சு மெதுவா சொல்லியிருக்கலாம்ல?”

“ஒரு வாரம் கழிச்சும் சொல்லியிருக்க மாட்டோம்.”

“அதனால என்ன? பிள்ளைங்க நம்மகிட்ட இருந்திருக்கும்.”

அது உண்மை.

ராத்திரியே கிளம்பி, காலை பத்து மணிக்குள் மருமகள் காரில் வந்து இறங்கினாள். முதலில் மாமியாரின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள், டாக்டர் சீட்டைப் படித்தாள், வேளைக்கு இவ்வளவு என்று மாத்திரைகளைப் பிரித்து வைத்தாள். பிறகு பெட்டியில் துணிகளை அடுக்கினாள்.

“தப்பு என்மேலதாம்மா,” என்றார் அவர்.

“சொன்னீங்க மாமா. அவர் ஒரு தடவை இப்படிச் சொல்லியிருந்தா…” நிறுத்திக்கொண்டாள். “ஆனா இனிமே விட மாட்டேன். கோபம் இல்ல. என்னால முடியாது, அவ்வளவுதான்.”

காருக்குப் பக்கத்தில் நின்ற பெரியவள் ஏறவில்லை. தாத்தாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, “அம்மா, எனக்குக் கால் வலிக்குது,” என்றாள்.

மருமகள் மண்ணில் மண்டியிட்டு ஷூவைக் கழற்றினாள். காலுறை குதிகாலோடு ஒட்டியிருந்தது. பிரித்தபோது கொப்புளம் உடைந்து சதை தெரிந்தது.

“எப்போலேர்ந்துடி?”

“வந்த அன்னிலேர்ந்து.”

மருமகள் நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அவள் மருந்து தடவிக் கட்டுப் போட்டு, மகளைத் தூக்கி சீட்டில் உட்காரவைத்தாள். சின்னவள் மட்டும் கண்ணாடி வழியாகக் கையாட்டினாள்.

அறைக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. மனைவிக்கு உடனே பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் உள்ளே வந்தார். இரண்டு கட்டில்களில் போர்வை கலைந்தபடி கிடந்தது.

“போயிட்டாங்களா?” என்றாள் மனைவி, சுவரைப் பார்த்தபடியே.

“போயிட்டாங்க.”

பிறகு அவளே கேட்டாள். “உங்களுக்கு எப்படி இருக்கு?”

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. அவர் அவளுடைய கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

“தாங்கலை,” என்றார்.

அவள் திரும்பாமலே கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.