எட்டு மூட்டு, முப்பத்திரண்டு மூலை

பென்சில் வேண்டாம் என்று விரல்கள் அதைக் காதோரம் செருகிவிட்டன. பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு. தடிமன் இருந்தால் எந்தக் கரையில் அறுப்பது என்று சந்தேகம் வரும். அதனால் கத்திமுனை. இடது கை மூலைமட்டத்தைச் சட்டத்தின் மேல் அழுத்திப் பிடித்தது. வலது கை கத்தியை ஒருமுறை மெல்ல இழுத்தது, அதே தடத்தில் இன்னொரு முறை அழுத்தி இழுத்தது. பிறகு ரம்பம், கோட்டைத் தொடாமல் பக்கத்திலேயே போனது. மிச்சமிருந்த முடியளவை உளி சீவியது. சட்டத்தின் முனையில் நாக்குப் போல நீண்டிருந்த கழுந்தைக் கட்டைவிரல் தடவிப் பார்த்தது. நான்கு மூலையும் கூர்மைதான். விரலுக்குத் திருப்தியில்லை. இன்னொரு சீவல்.

ஒரு கழுந்துக்கு அரைநாள். மேசைக்கு எட்டுக் கழுந்து.

அந்தக் கைகளின் சொந்தக்காரரைத் தெருவில் மூலைமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிதான், அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த நாளில், ஆஸ்பத்திரி ஜன்னல் சட்டம் கோணல் என்று நர்ஸிடம் புகார் சொன்னவர். தொழிலை யாரிடமும் கற்றதில்லை. குப்பையில் கிடந்த மேசை இழுப்பறை ஒன்றைப் பிரித்துப் பார்த்து, பிரித்ததைச் சேர்க்கத் தெரியாமல் இரண்டு வருடம் அவமானப்பட்டு, தானே கற்றுக்கொண்டார். அந்த இரண்டு வருடத்தை அவரும் மறக்கவில்லை, மற்றவர்களையும் மறக்க விட்டதில்லை.

அடுத்தவர் வீட்டில் அவர் செய்த நாற்காலி ஆடாது. அவர் வீட்டில் ஆடுவதற்கு நாற்காலியே கிடையாது. சமையலறை அலமாரிக்கு ஒன்பது வருடமாகக் கதவு வந்துகொண்டே இருக்கிறது. தையல்காரியான மனைவி பதினொரு வருடமாகத் தரையில் முட்டி போட்டுத் துணி வெட்டுகிறாள். முட்டி வீங்கி டாக்டரிடம் போனபோது, "வீட்டுக்காரர் என்ன வேலை?" என்று கேட்டார்கள். மரவேலை என்று சொல்ல வெட்கமாகி, "சும்மாதான் இருக்கார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இந்த மேசை தொடங்கியது அவளுக்கு வந்த ஒரு ஆர்டரால். ஆஸ்பத்திரி ஒன்றுக்கு எண்பது நர்ஸ் சீருடை. ஆனால் மேற்பார்வை அம்மா சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து பார்ப்பார். தரையில் துணி வெட்டுகிற இடத்துக்கு ஆர்டர் கிடையாது.

அவள் நேராகப் பட்டறைக்குப் போனாள். ஒரே கொட்டகை, இரண்டு ராஜ்ஜியம். உள்பாதி கணவருடையது: உளி, இழைப்புளி, மௌனம். வாசல்பாதி அவள் தம்பியுடையது: நாலு மின்சார மெஷின், காதில் மாட்டும் மூடி, தூசி. நடுவே தரையில் ஒரு சாக்பீஸ் கோடு. அதுவும் மூலைமட்டம் வைத்துப் போட்டதுதான்.

"எனக்கு மேசை வேணும். இவரை நம்பினா என் பேத்திதான் அதுல துணி வெட்டுவா. நீ காலைச் செய். இவர் காலைச் சேர்க்கிற சட்டத்தைச் செய்யட்டும்."

"கழுந்து இறங்க கால்ல எட்டுத் துளைதானேக்கா? ரூட்டர் மெஷின்ல ரெண்டு ரெண்டு நிமிஷம்," என்றான் மெஷின்காரன். "மாமா பென்சில் சீவி முடிக்கிறதுக்குள்ள நான் முடிச்சிருவேன்."

"நான் பென்சில்ல கோடு போடுறதில்ல, மச்சான்."

"அதான் இன்னும் ஆரம்பிக்கலியா?"

இருவரும் உட்கார்ந்து அளவு பேசினார்கள். துளையின் நீளம், அகலம், ஆழம் எல்லாம் அரை மில்லிமீட்டர் வரை ஒத்துப்போயிற்று. மூலையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கையால் வேலை செய்கிறவருக்கு மூலை என்றாலே கூர்மை, கேட்கவே தேவையில்லை. ரூட்டரின் கத்தியோ சுழல்கிற கத்தி. அது போகிற துளையின் இரு முனையும் நிலா மாதிரி வளைந்துதான் நிற்கும். மெஷின்காரனுக்கு மூலை என்றாலே அதுதான்.

செவ்வாய்க்கிழமை சேர்த்துப் பார்த்தார்கள். சதுர மூலை வட்ட மூலையில் போய் முட்டி நின்றது.

"துளையை உளி வெச்சுச் சதுரமாக்கு," என்றார் மூலைமட்டம்.

"எதுக்கு மாமா? நீங்க கழுந்து மூலையை அரம் வெச்சு உருட்டி விடுங்க. அஞ்சு நிமிஷ வேலை."

"என் மூலையை உருட்டுறதா? என் கையை வெட்டிக்கிறேன்."

"பாத்து வெட்டுங்க. அதுக்கும் கோடு போட அரைநாள் ஆகும்."

புதன்கிழமை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. காலும் சட்டமும் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பஞ்சாயத்துக்கு வந்தவர்களைப் போலச் சாய்ந்து நின்றன. மாலையில் தையல்காரி வந்தாள், பார்த்தாள், கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை எடுத்துச் சுருட்டினாள். கத்தவில்லை.

"எண்பது சீருடை," என்றாள். "இது போச்சுன்னா இனிமே யாரும் என் வாசலுக்கு வரமாட்டாங்க. நான் அந்தம்மாகிட்ட வரவேண்டாம்னு சொல்லிடவா?"

பதில் வருமுன் நொண்டிக்கொண்டே போய்விட்டாள்.

வியாழக்கிழமை முற்பகல் மெஷின்காரன் எங்கோ கதவு மாட்டப் போனான். மூலைமட்டம் நாலுபக்கமும் பார்த்தார். அரத்தை எடுத்தார். முதல் மூலையைத் தேய்க்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டார், பிடுங்குவது தன் பல்லையே என்பது போல. முப்பத்திரண்டு மூலையையும் உருட்டி முடித்து, மரத்தூளைக்கூடக் கூட்டி அள்ளிவிட்டு, தலைவலி என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தார்.

பிற்பகல் மெஷின்காரன் திரும்பினான். மாமா இல்லை. கோட்டைத் தாண்டினான். மாமாவின் உளியை எடுத்தான். உளி பிடித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. இருந்தும் எட்டுத் துளையின் முப்பத்திரண்டு மூலையையும் சதுரமாக வெட்டினான். இரண்டு விரலில் ரத்தம், உளியின் முனையில் ஒரு சிறு உடைவு.

வெள்ளிக்கிழமை காலை இருவர் முகத்திலும் ஒரே பெருந்தன்மை. யார் முதலில் சொல்வது என்று காத்திருந்தார்கள். கடைசியில் சொல்லாமலே சட்டத்தைத் தூக்கிக் காலில் செருகினார்கள். வெண்ணெய் மாதிரி இறங்கியது. இருவரும் திடுக்கிட்டார்கள். வெளியே உருவிப் பார்த்தார்கள்.

இப்போது கழுந்து வட்டம், துளை சதுரம். ஒவ்வொரு மூலையிலும் எறும்பு குடும்பத்தோடு குடியிருக்க இடம்.

"என் உளியில யார் கை வெச்சது?" என்றார் மூலைமட்டம்.

"உங்க மூலையில யார் கை வெச்சது?"

பசை டப்பாவைத் தேடி அந்த நேரம் பார்த்துத் தையல்காரி உள்ளே வந்தாள்.

"புதுச் சட்டம் அறுக்கணும்," என்றார் கணவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "நாலு நாள்."

"ஏன்?"

"மூலையில இடைவெளி."

"வெளியில தெரியுமா?"

"தெரியாது. கழுந்தைச் சுத்தியிருக்கிற சட்டத்தோட தோள் மூடிக்கும்."

"மேசை ஆடுமா?"

அவர் கழுந்தின் மூலையைத் தடவினார். தம்பிதான் சொன்னான்: "ஆடாதுக்கா. கழுந்தோட ரெண்டு பக்கமும் பசை பிடிக்குது. அதுலதான் பலமே."

"அப்ப மூலை?"

"மூலைக்கு ஒரு வேலையும் இல்ல."

"செவ்வாய்க்கிழமையும் அதுக்கு வேலை இல்லதானே?"

இருவரும் தரையிலிருந்த சாக்பீஸ் கோட்டைக் கவனமாகப் பார்த்தார்கள். அவள் பசை டப்பாவை எடுத்து, கணவர் கையில் ஒரு குச்சியும் தம்பி கையில் ஒரு குச்சியும் கொடுத்தாள். முடியும்வரை வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு மேசை வீட்டுக்குள் வந்தது. ஜன்னலோரம் இறக்கினார்கள். அவள் ஒரு ஓரத்தில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி முழுப் பாரத்தையும் போட்டு அழுத்திப் பார்த்தாள். பதினொரு வருடத்தில் முதல்முறையாக நின்றபடி. மேசை அசையவில்லை.

மூலைமட்டம் மட்டும் பலகையின் மேல் ஒரு கையை வைத்தபடி நின்றார், காய்ச்சல் பார்ப்பது போல.

"உள்ள கொஞ்சம் காத்து இருக்கு," என்றார் மெதுவாக. "எல்லா மூலையிலயும். உனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

வாசலில் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டது.

"தெரிஞ்சுக்கிட்டேன்," என்றாள், துணியை உதறிக்கொண்டே. "கையை எடுங்க."

எடுத்தார்.