பெறப்பட்ட திகதி

எங்கள் ஆய்விதழில் வரும் ஒவ்வொரு கட்டுரையின் தலைப்புக்குக் கீழும் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும்: பெறப்பட்டது இந்தத் திகதி, ஏற்கப்பட்டது இந்தத் திகதி. மற்றவர்கள் அந்த வரியைக் கவனிக்கவே மாட்டார்கள். வானியலாளர்கள் கட்டுரையைப் படிக்கும் முன் அதைத்தான் பார்ப்பார்கள். இரண்டு பேர் ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்தால், எவருடைய பெயர் நிலைக்கும் என்பதை அந்த முதல் திகதிதான் தீர்மானிக்கும். லண்டன் செயலகத்தில் நான் வேலை செய்த காலம் முழுவதும் அந்தத் திகதியைக் குத்தும் இறப்பர் முத்திரை என் மேசையில்தான் இருந்தது. அதை ஒருமுறை அநியாயமாகக் குத்தினேன். விதியை மீறி அல்ல, விதியைச் சொல்லியே குத்தினேன்.

ஓய்வுபெற்றுப் பல வருடங்களின் பின், சென்ற ஆண்டு, ஆய்விதழின் வரலாற்றை எழுதித் தரும்படி இயக்குநர் சபை என்னிடம் கேட்டது. சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். அந்த வரலாறு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஐரோப்பாவில் ஒவ்வொரு நாடும் தன் மொழியில் தனித்தனியே ஒரு வானியல் இதழை வைத்துக்கொண்டு, தன் ஆட்களே எழுதி, தன் ஆட்களே படித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்த இதழ்களை மூடி ஒன்றாக்கும் யோசனை வந்தபோது எல்லாவற்றுக்கும் சண்டை. அட்டையில் எந்த மொழி, எந்தப் பெயர், எந்த ஊரில் செயலகம் என்று இழுபட்டது. செயலகம் லண்டனுக்கு வந்தது லண்டனின் பெருமையால் அல்ல. ஒருவர் ஊரில் வைக்க மற்றவர் விடவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சண்டைக்காரர்கள் நல்ல விதிகளை எழுதினார்கள். பெரிய நாடோ சிறிய நாடோ, சபையில் ஓர் இருக்கை, ஒரு வாக்கு. ஓர் ஆசிரியர் தன் நாட்டிலிருந்து வரும் கட்டுரையைக் கையாளக்கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமானது இது: சபை அச்சகத்தை மாற்றலாம், தலைமை ஆசிரியரையே மாற்றலாம், ஆனால் ஒரு கட்டுரையை ஏற்பதிலும் மறுப்பதிலும் தலையிட முடியாது. அது தலைமை ஆசிரியரின் பொறுப்பு மட்டுமே.

விதிகளைப் பற்றிய அத்தியாயத்துக்கு உதாரணங்கள் தேவை என்று சொல்லிப் பழைய கோப்புகளைப் பார்க்க அனுமதி வாங்கினேன். நான் குடியிருக்கும் தோர்ண்டன் ஹீத்திலிருந்து ரயிலேறும்போதே தெரியும், நான் தேடிப் போவது ஒரேயொரு கோப்பை.

அது யாழ்ப்பாணத்தில் கணிதம் கற்பித்த ஒரு விரிவுரையாளருடையது. இலங்கையில் சண்டைக் காலம். ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்களில் ஒன்றிலிருந்து மற்றதற்கு வாயு வழியும்போது, அவை சுற்றும் நேரம் எப்படி மாறும் என்று ஒரு கணக்கு. தொலைநோக்கி தேவையில்லை. தாளும் பேனையும் பொறுமையும் போதும். கட்டுரையை நடுவருக்கு, அதாவது பெயர் வெளியில் தெரியாத ஒரு துறை அறிஞருக்கு, அனுப்பினோம். நல்ல வேலை, மூன்றாம் பகுதியை விரித்து எழுதட்டும் என்றார் அவர். திருப்பி அனுப்பினோம். திருத்தியதை ஆறு மாதத்துக்குள் தரவேண்டும், பிந்தினால் புதிய கட்டுரையாகக் கருதிப் புதிய திகதி இடப்படும் என்பது விதி.

அவருடைய திருத்தம் தவணை முடிந்து சில வாரங்களின் பின் வந்தது. அதற்கிடையில் வேறொரு நாட்டுக் குழு அதே முடிவோடு ஒரு கட்டுரை அனுப்பியிருந்தது. அவர்கள் நேர்மையானவர்கள், தாமாகவே கண்டுபிடித்தவர்கள்.

அப்போதைய தலைமை ஆசிரியர் கோப்போடு என் மேசைக்கு வந்தார். இரக்கமுள்ள ஆங்கிலேயர்.

"இது உங்கள் ஊர் அல்லவா? பிந்தியதற்குக் காரணம் ஏதாவது எழுதியிருக்கிறாரா?"

"கடிதத்தில் ஒன்றும் இல்லை."

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சொல்லுங்கள், நான் கேட்கிறேன்."

"விதி எல்லோருக்கும் ஒன்றுதான்," என்றேன்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கடித உறை என் கையில் இருந்தது. அதில் யாழ்ப்பாணத் தபால் முத்திரை தவணைக்கு வெகு முன்னதாகவே விழுந்திருந்தது. தரைப்பாதை மூடியிருந்ததால் கப்பலுக்குக் காத்து, வழியில் எவரோ பிரித்துப் பார்த்து, பசைநாடாவால் திரும்ப ஒட்டி வந்த உறை. சண்டையால் தபால் பிந்துகிறது என்று அவர் ஏன் எழுதவில்லை என்பதும் எனக்குத் தெரியும். எழுதியிருந்தால் கடிதம் வந்தே இராது. அந்த நாட்களில் ஊரிலிருந்து என் தங்கை எழுதிய கடிதங்களிலும் மழையும் கலியாணமும்தான் இருக்கும். அந்தக் கட்டடத்தில் அந்த உறையை வாசிக்கத் தெரிந்த ஒரே மனிதன் நான்.

ஏன் சொல்லவில்லை? 'தன்ர ஆளுக்குச் செய்தவன்' என்று எவரும் சொல்லிவிடக்கூடாது என்ற பயம். எங்கள் ஆட்களிடையே கோயில் சபையிலிருந்து பழைய மாணவர் சங்கம் வரை ஒரு மனிதனைக் கவிழ்க்க அந்த ஒரு சொல் போதும். அந்தப் பயத்தை நான் அலுவலகத்துக்கும் கொண்டுபோனேன். அந்த உறையை வாசிக்கத் தெரிந்த ஓர் ஆங்கிலேயர் என் நாற்காலியில் இருந்திருந்தால் அந்த விரிவுரையாளருக்கு நியாயம் கிடைத்திருக்கும். என் கை சுத்தம் என்று காட்டுவதற்கு அவருடைய கண்டுபிடிப்பைப் பலிகொடுத்தேன்.

புதிய திகதியைக் குத்தினேன். இது ஏற்கனவே வெளிவந்துவிட்டது, புதிதாக ஒன்றும் இல்லை என்றார் நடுவர். மறுப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டவனும் நானே. அந்தக் கணக்கில் வந்த சூத்திரம் இன்று வேறொருவர் பெயரில் பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

சென்ற ஆண்டு நான் திறந்த கோப்பில் உறை அப்படியே இருந்தது. பிரதி எடுத்துக்கொண்டேன்.

அந்த விரிவுரையாளரைத் தேடிப் பிடிப்பது கடினமாக இருக்கவில்லை. இரண்டு பேரிடம் விசாரித்தேன். சுவிஸில் சில வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்றார்கள். ஒரு செவ்வாய் பகல் போனேன். நரைத்த தலை, கையில் வெண்பலகைப் பேனை.

"வாங்கோ அண்ணை. எந்தப் பேரப்பிள்ளைக்கு? பதினொரு வயசுச் சோதனையோ, ஏ லெவலோ?"

"பேரப்பிள்ளைக்கு இல்லை. என்ர விஷயமா வந்தனான்."

"உங்களுக்கு இனிக் கணக்கு ஏறாது அண்ணை," என்று சிரித்தார்.

பிரதியை மேசையில் வைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். அவருடைய கையெழுத்து.

"இது எப்பிடி உங்களிட்ட?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கீழே கடையில் எவரோ மரக்கறிப் பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப அந்தக் கடிதத்தில கையெழுத்து வைச்சது நீங்களோ?"

"ஓம்."

"தமிழ்ப் பேரைக் கண்டிட்டு நான் என்ன நினைச்சனான் தெரியுமே? எங்கட ஆள் ஒருத்தர் அங்க இருக்கிறார், நிலைமை தெரிஞ்ச மனுசன், எல்லாம் பாத்துத்தான் சொல்லியிருப்பார் எண்டு. அதாலதான் நான் திருப்பிக் கேக்கேல்லை."

இதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. என் மௌனம் மட்டுமல்ல, என் பெயரும் அவருக்கு எதிராக வேலை செய்திருக்கிறது.

"மன்னிக்கவேணும்," என்றேன்.

"அதை வைச்சு நான் என்ன செய்யிறது? இருங்கோ முதல்ல. தேத்தண்ணி போடுறன். திகதியை என்ன செய்யப் போறியள், அதைச் சொல்லுங்கோ."

அந்தக் கேள்வியோடு சபையின் கூட்டக் குறிப்புகளை முதலிலிருந்து வாசித்தேன். ஆறு மாத விதி எந்தக் கூட்டத்தில் நிறைவேறியது என்று தேடினேன். எங்கும் இல்லை. முதல் கூட்டத்திலேயே சபை நிறைவேற்றிய விதி ஒன்றுதான்: கட்டுரையின் முதல் வடிவம் செயலகத்துக்கு வந்த நாளே பெறப்பட்ட திகதி. ஆறு மாதம் என்பது செயலகம் தன் வசதிக்காக கட்டுரையாளர்களுக்கான குறிப்பில் சேர்த்த ஒரு வரி. காலம் போகப்போக அதை நாங்கள் விதி என்று அழைக்கத் தொடங்கிவிட்டோம்.

சபையின் அடுத்த கூட்டத்தில் பேச அனுமதி கேட்டேன். பாதிப் பேர் மேசையைச் சுற்றி, பாதிப் பேர் திரையில். எல்லாவற்றையும் சொன்னேன், உறையைக் காட்டினேன். வரலாறு கண்ணியமாக இருக்கவேண்டும், இந்தச் சம்பவம் அதில் தேவையா என்று தலைவர் மெதுவாகக் கேட்டார். ஒரு நாட்டின் பிரதிநிதி வாக்கெடுப்பு வேண்டும் என்றார். இன்னொருவர், வாக்கெடுத்தால் பழைய கட்டுரைகள் எல்லாம் கிளம்பி வரும் என்றார்.

இப்போதைய தலைமை ஆசிரியர், என் மகள் வயதுப் பெண், கையை உயர்த்தினார். "மன்னிக்கவும், வாக்கெடுப்பு எதற்கு? கட்டுரை விஷயம் சபைக்கு உரியதல்ல. இல்லாத ஒரு விதியால் மறுக்கப்பட்ட கட்டுரை இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. அதை நடுவருக்கு அனுப்புகிறேன், பழைய திகதியிலேயே."

தலைவர் அடுத்த விஷயத்துக்குப் போனார். விதிகளை எழுதிய அந்தப் பழைய சண்டைக்காரர்களை அன்று நான் மனதாரப் பாராட்டினேன்.

வெளியே வந்து விரிவுரையாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"நடுவரிட்டப் போகுதோ? அது நல்லது," என்றார். "எனக்குச் சலுகை ஒண்டும் வேண்டாம். பிழை இருந்தாச் சொல்லட்டும்."

பிழை இருந்தது. ஒரு சமன்பாட்டில் கூட்டல் குறி வரவேண்டிய இடத்தில் கழித்தல். பின்னால் வந்த ஆய்வுகளையும் ஒரு பந்தியில் குறிப்பிடச் சொல்லியிருந்தார் நடுவர். அவருக்கு அதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"இந்த முறை எத்தினை மாசம் தவணை அண்ணை?"

"உமக்குத் தவணையே இல்லை."

"சீ, அப்பிடிச் சொல்லாதேங்கோ. பிறகு தன்ர ஆளுக்குச் செய்தவர் எண்டு சொல்லப்போயினம்." பெரிதாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டேன். அது எனக்கு உரியதுதான்.

அடுத்த நாள் மத்தியானம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்கு முன்னமே, திருத்தத்தை அனுப்பிவிட்டார்.

கட்டுரை இந்த மாதம் வந்திருக்கிறது. தலைப்பின் கீழ் அந்த வரி. பெறப்பட்டது சண்டைக்காலத்து ஒரு திகதி, ஏற்கப்பட்டது இந்த வருடத்துத் திகதி. சூத்திரத்தின் பெயர் இனி மாறாது. அவரும் அதைக் கேட்கவில்லை.

முதல் திகதியில் அச்சுப்பிழை இருக்கிறது என்று இளம் வானியலாளர்கள் செயலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார்களாம். என்ன பதில் எழுதலாம் என்று செயலகத்தில் என்னைக் கேட்டார்கள். அந்தக் கடிதங்களை எனக்கே அனுப்பிவிடுங்கள் என்றேன். ஒவ்வொன்றுக்கும் நானே பதில் எழுதுகிறேன்: திகதி சரியானது, அன்று முத்திரையைப் பிழையாகக் குத்தியவன் நான். கீழே என் முழுப் பெயரையும் போடுகிறேன்.