போய்ட்டு வரேன்க்கா

இதில் ஒரு வரிகூட நானாகச் சேர்த்ததில்லை. அந்த மலையின் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். சொன்னால் உங்களில் யாராவது ஒருவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். கிளம்பக் கூடாது.

என் பெயர் கீர்த்தி. வீடு மந்தைவெளியில். ஜெசிகா என் கல்லூரித் தோழி. அவள் வீடு பெசன்ட் நகரில், வேளாங்கண்ணி கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. அப்பா, அம்மா இல்லை. அண்ணன் வில்லியம்தான் அவளுக்கு எல்லாம். நானும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசை முடிந்த கையோடு மூன்று பேரும் அவருடைய காரில் கிளம்பினோம். நாலு மணி நேரப் பயணம். பின் சீட்டில் நான் ஒரு மொழிபெயர்ப்பு நாவலில் முழுகிக் கிடந்தேன். பனி கொட்டும் ஏதோ ஒரு தேசம், இடிந்த மாளிகை, ஜன்னலில் ஒரு வெள்ளை உருவம். எனக்குத் தெரிந்த பேய்களெல்லாம் அந்த மாதிரிதான்.

"அம்மா தாயே, ரஷ்யாவுலேர்ந்து இறங்கு. ஃபால்ஸ் வந்துருச்சு" என்றாள் ஜெசிகா.

ஃபால்ஸ் என்பது அதற்குப் பெரிய வார்த்தை. மலைச்சாலையின் வளைவில் ஒரு கரும்பாறை. இரண்டு ஆள் உயரம் இருக்கும். அதன் மேலிருந்து பின்னல் போல ஒரு வெள்ளைத் தண்ணீர். கீழே கணுக்கால் நனையும் அளவுக்குத் தேங்கி, சாலைக்கு அடியில் குழாய் வழியே ஓடிவிடுகிறது. எதிரே ஒரு டீக்கடை. "நீங்க போய் ஆடுங்க, நான் ஒரு டீ அடிச்சுட்டு இங்கயே சாயறேன்" என்று வில்லியம் அண்ணா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பாறை மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கலாம். பூப்போட்ட நைட்டி, தோளில் துண்டு, பக்கத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட். துணி துவைக்க வந்தவள் என்று நினைத்தேன். பக்கெட்டில் துணி இல்லை.

"மெட்ராஸா?" என்றாள்.

"ஆமாக்கா. பெசன்ட் நகர்" என்றாள் ஜெசிகா. யாரையும் இரண்டே நிமிஷத்தில் அக்காவாக்கிவிடுவாள். தண்ணீரில் நின்றபடியே, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் எதற்கும் பதில் சொல்லவில்லை. சிரித்தாள். அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குச் சாரல்கூட வராது. ஆனாலும் அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்... சொட்... சொட்டிய இடம் நனையவே இல்லை. வெயிலில் பாறை சுடுகிறது, உடனே காய்ந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செருப்பை மாட்டும்போது அவள் கேட்டாள்.

"கிளம்புறீங்களா?"

"ஆமாக்கா. போய்ட்டு வரேன்க்கா" என்றாள் ஜெசிகா.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். முகமெல்லாம் அப்படி ஒரு சந்தோஷம்.

"எப்போ?"

நீங்களே யோசித்துப் பாருங்கள். கீரைக்காரம்மாவிடம், ஆட்டோக்காரரிடம், லிஃப்டில் பார்த்தவரிடம் என்று தினம் எத்தனை பேரிடம் அதைச் சொல்கிறோம். யாராவது ஒருவர் "எப்போ?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறாரா?

ஜெசிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த ஞாயித்துக்கிழமை வந்துடறேன்க்கா. போதுமா?"

"போதும்."

காரில் ஏறியதும் வில்லியம் அண்ணா கேட்டார். "யாரு கூட அவ்ளோ பேச்சு?"

"அந்த அக்கா கூட."

"எந்த அக்கா? ரெண்டு பேரும் பாறையைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கினு நின்னீங்க. டீக்கடையம்மா சிரிக்குது."

கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தோம்.

செவ்வாய்க்கிழமை ஜெசிகா போன் செய்தாள். வீட்டில் எங்கேயோ குழாய் திறந்தே இருக்கிறதாம். சத்தம் நிற்கவில்லையாம். பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று போய்விட்டார். வியாழக்கிழமை இன்னொரு போன். "காலைல குளிச்ச தலை இன்னும் காயலடி."

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா வார்த்த தோசையில் பாதியை அப்படியே வைத்துவிட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னாள்.

"போறேன்டி."

உள்ளேயிருந்து அம்மா கத்தினாள். "விளக்கு வைக்கிற நேரத்துல என்னடி பேச்சு? போய்ட்டு வரேன்னு சொல்லு!"

ஜெசிகா என்னைப் பார்த்தாள்.

"அதை அங்க சொல்லிட்டேனே, ஆன்ட்டி."

உடனே வில்லியம் அண்ணாவைக் கூப்பிட்டேன். முதலில் சிரித்தார். நான் அழுவதைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினார். கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, வாசலுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுப்பதாகச் சொன்னார்.

"என்னைத் தாண்டி எங்க போயிடுவா?"

காலையில் அவர்தான் கூப்பிட்டார். கதவு பூட்டியபடியே இருந்தது. சாவி தலையணைக்கு அடியிலேயே இருந்தது. ஜெசிகாவின் ஸ்கூட்டர் கீழேயே நின்றது. அவளைக் காணோம்.

அவருடைய சட்டை மட்டும் நனைந்திருந்தது.

ஜெசிகாவின் எண்ணை அழுத்தினேன். எடுத்தாள்.

சோ... என்று தண்ணீர் விழும் சத்தம்.

"ஜெசி... எங்கடி இருக்க?"

சோ...

பிறகு ஒரு குரல். பாறையில் கேட்ட அதே சந்தோஷமான குரல்.

"வந்துட்டாம்மா."

வில்லியம் அண்ணாவோடு அதே நாலு மணி நேரப் பயணம். போய்ச் சேர்ந்தபோது சாலையில் கூட்டம் நின்றது. கணுக்கால் ஆழத் தண்ணீர்... அதில் குப்புறக் கிடந்தாள்.

போலீஸ் வரும்வரை டீக்கடையம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "முன்ன ஒரு பெரியவரு இந்தத் தண்ணில போய்ட்டாரும்மா. அவரு பொண்ணு வந்து பாறைகிட்ட அழுதுச்சு. இன்னா சொல்லிட்டுப் போச்சோ தெரியல. மறு வாரமே அதுவும் இங்கயே... செவப்பு பக்கெட் ஒண்ணு மெதந்துகினு இருந்துச்சு."

பக்கெட்டைப் பற்றி நாங்கள் அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

அடக்கம் முடிந்து பெசன்ட் நகர் வீட்டிலிருந்து கிளம்பும்போது வாயைத் திறந்தேன். அம்மா என் கையை அழுத்தினாள். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். போய்ட்டு வரேன் என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாகிவிடும். சின்ன வயதிலிருந்தே எனக்கும் ஜெசிகாவுக்கும் தெரிந்த விஷயம்.

அந்தப் பாறையும் சாவு வீடுதான். பந்தல் இல்லை, மாலை இல்லை. எங்களுக்குத் தெரியவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், அங்கே ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறேன் என்றார் வில்லியம் அண்ணா. தடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். கடைசியில் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டேன். "யார் இருந்தாலும் பேசாதீங்கண்ணா. சொல்லிக்காம திரும்பிடுங்க."

சரி என்றார்.

இன்று மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார். வெளியே அனல். ஆனால் அவர் தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டுத் தரை நனையவில்லை.

"அந்த அக்கா இருந்தாங்களாண்ணா?"

"இல்ல. யாரும் இல்ல." முகத்தை வழித்துவிட்டுக்கொண்டார். "ஜெசி மட்டும்தான்."

நான் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"நல்லாத்தான் இருக்கா. பக்கத்துல சிவப்பு பக்கெட். கிளம்புறியாண்ணான்னு கேட்டா."

"நீங்க... என்ன சொன்னீங்க?"

"தங்கச்சிகிட்ட என்ன சொல்லுவாங்க, கீர்த்தி?"

சொட்...

"எப்போன்னு கேட்டாளா?"

தலையை ஆட்டினார். "ஞாயித்துக்கிழமைன்னு சொல்லிட்டேன்."

எழுந்து செருப்பை மாட்டினார். ஓடிப்போய் அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தேன். ஈரம். வழுக்கிக்கொண்டு போனது.

"போறேம்மா" என்றார்.

இன்று சனிக்கிழமை.