பன்னிரண்டாவது டம்ளர்

எங்கள் வீட்டில் எவர்சில்வர் டம்ளர் பன்னிரண்டு. தினமும் எண்ணுவேன். போன ஆடியில், பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தேன். பதினொன்றில் ஒட்டவில்லை, ஒன்றில் ஒட்டியது. நிக்கல் நிறையக் கலந்த எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது, நிக்கல் இல்லாத மலிவு ரகத்தில் ஒட்டும். இது எனக்குத் தெரியும்.

பாத்திரம் தேய்க்கும் கன்னியம்மாவைக் கூப்பிட்டு, "நல்லத எடுத்துக்கிட்டு இத வெச்சிட்டியா?" என்று கேட்டேன்.

"இன்னா சார், இப்டி கேட்டுட்ட? ஒம்போது வருசமா தேய்க்கறேன். ஒரு டம்ளர எடுத்துக்கினு போயி வூடா கட்டப்போறேன்? வேற ஆள பாத்துக்க!" என்று படியிறங்கிவிட்டாள்.

என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "கன்னியம்மா, நில்லு! ஏங்க, அது நான் வாங்கினது. ஒண்ணு கிணத்துல விழுந்து பதினாலு வருஷம் ஆச்சு. எண்ணிப் பாத்துட்டுக் கத்துவீங்கன்னு பயந்து, உத்திரமேரூர் கடையில வாங்கி அடுக்கிட்டேன்."

இருவரையும் பார்க்க முடியவில்லை. கன்னியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பேஜார் புடிச்ச மனுசன்" என்றபடி அவள் மறுபடி தேய்க்க உட்கார்ந்தாள்.

இப்போதும் எண்ணுகிறேன். போன வாரம் பதினொன்றுதான் இருந்தது. நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.